பாறைமேல் சிவப்புக் கோடு

மூன்றாம் நாளாக மழை விடவில்லை. பஞ்சாயத்து ஆபீசின் தகரக் கூரைமேல் அது கொட்டிய கொட்டில் கிளார்க் சின்னுசாமி பேசியது எதுவும் கண்ணாயியின் காதில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டாள். அவள் கண் உத்தரத்தில் தொங்கிய குண்டு பல்பை விட்டு நகரவில்லை. பட்டப்பகலில் எரிகிற பல்பை ஒரு பஞ்சாயத்துத் தலைவி வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தால் வருகிறவர் போகிறவர் சிரிக்கத்தான் செய்வார்கள். நல்லவேளை, அந்த மழையில் வருவாரும் இல்லை, போவாரும் இல்லை.

பல்பு எரிகிறது என்றால் கீழே ஓடைக்கரையில், ஊரார் கரண்ட் ஊடு என்று சொல்லும் அந்தச் சின்னக் கட்டடத்தில், சக்கரம் சுற்றுகிறது. சக்கரம் சுற்றுகிறது என்றால் யமுனா அங்கே இருக்கிறாள். கண்ணாயிக்கு இருப்பது அந்த ஒரு மகள்தான். நாமக்கல்லில் ஐ.டி.ஐ. படித்து, எலக்ட்ரீசியன் சர்டிபிகேட்டோடு மலை ஏறி வந்து, சொந்த ஊரான ஓடைவளவுக்கு வெளிச்சம் கொடுக்கிற வேலையில் உட்கார்ந்திருக்கிறாள்.

பல்பு அணைந்தால் அது நல்லதற்கா கெட்டதற்கா என்பதுதான் காலையிலிருந்து கண்ணாயியை அரித்துக்கொண்டிருந்தது. யமுனா வால்வை மூடிவிட்டு மேட்டுக்குக் கிளம்பினாலும் பல்பு அணையும். யமுனாவை ஓடை அடித்துக்கொண்டு போனாலும் பல்பு அணையும். இங்கே உட்கார்ந்திருக்கிறவளுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அணைந்துவிடு என்று ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டாள். ஐயோ, அணைந்துவிடாதே என்று அடுத்த நிமிடம் வேண்டிக்கொண்டாள். சாமிக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

“தலைவரம்மா, ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ்சு நின்னுபோச்சாமுங்க” என்று சின்னுசாமி குரலை உயர்த்தினார். அவருக்கு வீடு அடிவாரத்தில், சேந்தமங்கலத்தில். “நான் இன்னிக்கு ஊடு போய்ச் சேர்ந்த மாதிரிதான். உங்க ஊட்டுக்காரரும் கீழயே மாட்டிக்கிட்டாருங்களா?”

“மொளகு மூட்டையோட சந்தைக்குப் போனவரு, அங்கதான் கெடக்கறாரு. அவரு கெடக்கட்டும். எம் மவ ஓடையில இருக்கறாளுங்க.”

“அட, நீங்க வேற. அதெல்லாம் கணக்குப் போட்டுக் கட்டுனதுங்க. இன்ஜினீயர் மேடம் பாறையில சிவப்புக் கோடு போட்டுக் குடுத்திருக்காங்கல்ல? தண்ணி அந்தக் கோட்டத் தாண்டறதே பெரும்பாடு. அதுக்கு மேல ஒரு ஆள் ஒசரத்துல இருக்குது நம்ம கரண்ட் ஊடு.”

சிவப்புக் கோடு என்ற பேச்சு வந்ததும் கண்ணாயி பல்பை விட்டுக் கண்ணை எடுத்தாள். சின்னுசாமி கீழ்நாட்டுக்காரர், அவருக்குத் தெரியாது. அந்தக் கோடு எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டுமில்லை, ஊருக்கே தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தப் பஞ்சாயத்தில் ஜெனரேட்டர் வாங்குவதாகத்தான் பேச்சு இருந்தது. டீசலை லாரியில் மலைக்கு ஏற்றி, எரித்து, புகையை ஊருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிற ஏற்பாடு. அப்போதுதான் வித்யாஸ்ரீ வந்து சேர்ந்தாள். சின்னச் சின்னப் பஞ்சாயத்துகளுக்கு இன்ஜினீயர்களை அனுப்பி, மழை வெள்ளத்தைத் தாங்குகிற மாதிரியும் டீசலும் நிலக்கரியும் எரிக்காத மாதிரியும் திட்டம் போட உதவுகிற ஓர் அமைப்பின் ஆள். பணம் கொடுக்க மாட்டார்கள், யோசனை மட்டும்தான் கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் வார்டு உறுப்பினர்களில் பாதிப்பேர் எழுந்து காட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். யோசனைக்கு நம் ஊரில் என்றைக்குப் பஞ்சம்?

ஆனால் அந்தப் பெண் வாரக்கணக்கில் ஓடையோடு ஏறி இறங்கினாள். கை காலெல்லாம் அட்டைக்கடி. கடைசியில் ஓடைத் தண்ணீரையே குழாயில் விட்டுச் சக்கரத்தைச் சுற்ற வைக்கலாம், ஊருக்கு முழுக்க வெளிச்சம் வரும் என்று படம் போட்டுக் காட்டினாள். கட்டடம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு வேகமாகச் சக்கரம் சுற்றும். ஆனால் வெள்ளத்துக்கு மேலேயும் இருக்க வேண்டும். ஓடை திரும்புகிற இடத்தில், பெரிய நாவல் மரத்துக்குக் கீழே, நல்ல சமதரை ஒன்று இருந்தது. “இவ்வளவு நல்ல இடத்தை ஏன் சும்மா விட்டிருக்கீங்க?” என்று அவள் கேட்டதற்கு யாரோ, “சாமிக்கு விட்டதுங்க” என்றார்கள்.

பூமி பூசை போட்ட அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி வந்தது. தேங்காய் உடைத்தாயிற்று. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. வித்யாஸ்ரீ சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு பாறையருகே நின்றுகொண்டு, “மலையில மழை அளந்த கணக்கு கொஞ்ச வருசத்துக்குத்தான் இருக்கு. மத்ததுக்கு உங்க ஞாபகம்தான் எனக்குக் கணக்கு. இனிமே மழை பழைய மாதிரி பெய்யாது, ஒரு மாசத்து மழை ஒரே நாள்ல கொட்டும். அதனால யோசிச்சுச் சொல்லுங்க. இந்த ஓடையில தண்ணி அதிகபட்சம் எதுவரைக்கும் வந்திருக்கு?” என்று கேட்டாள்.

கேட்ட கேள்வி சரி. கேட்ட நேரம்தான் தப்பு. பானையில் சாமை தீர்ந்துபோனால்கூடத் தீர்ந்தது என்று சொல்லாமல் நிறைந்திருக்கிறது என்கிற ஜனம் இது. விளக்கை அணை என்று சொல்ல வாய் வராது, குளிர வை என்பார்கள். தேங்காய் உடைத்த இடத்தில் கெட்டதைப் பேசினால் அது பலித்துவிடும் என்பது ஒவ்வொருவருக்கும் தாய்ப்பாலோடு ஏறியது. அப்படிப்பட்டவர்களிடம், கற்பூரம் எரிகிறபோது வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

போதாததற்குக் காளியண்ணன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கண்ணாயி கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த புதுசில் ஒரு ஐப்பசியில் ஓடை பெருகியது. அந்தச் சமதரையில் அப்போது காளியண்ணனின் காட்டுச் சாளை இருந்தது. தண்ணீர் நாவல் மரத்தில் பாதிவரை ஏறி, சாளையையும் அதற்குள் இருந்த அவர் மனைவியையும் கைக்குழந்தையையும் கொண்டுபோயிற்று. அதன்பிறகு அங்கே யாரும் குடிசை போடவில்லை. அந்த மழையைப் பற்றி யாரும் பேசியதும் இல்லை, அவர் எதிரில் மட்டுமில்லை, அவர் இல்லாத இடத்திலும்.

எல்லாரும் காளியண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு தலைவி முகத்தைப் பார்த்தார்கள். கண்ணாயி பாறையின் அடியில், முழங்கால் மட்டத்தில் கையை வைத்து, “இதுவரைக்குந்தானுங்க” என்றாள். வித்யாஸ்ரீ இன்னொரு தடவை கேட்டாள். “அவ்வளவுதானுங்க” என்று இன்னொரு தடவை சொன்னாள். கோடு விழுந்துவிட்டது.

பூசை முடிந்த பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் கட்டடம் என்றால் தொட்டதெல்லாம் நல்ல காரியம். அஸ்திவாரம் தோண்டினால் பூசை, வாசல்நிலை வைத்தால் பூசை, குழாய் இறங்கினால் பூசை. கெட்ட பேச்சுக்கு நடுவில் இடமே கிடைக்கவில்லை. முதல் பல்பு எரிந்த அன்றைக்கு ஊரே கூடிக் கும்மியடித்தது. அன்றைக்குப் போயா சொல்வாள்? அப்புறம் யமுனாவுக்கு அந்த வேலை கிடைத்தது. அதன்பிறகு கண்ணாயி அதை நினைப்பதையே விட்டுவிட்டாள். அல்லது விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

ஓடையின் சத்தம் மாறியது. இவ்வளவு நேரம் தண்ணீர் ஓடுகிற சத்தமாக இருந்தது, இப்போது கல் உருள்கிற சத்தமாக ஆயிற்று. பூமிக்குள்ளிருந்து வருகிற மாதிரி, நெஞ்சுக்கூட்டில் வந்து இடித்தது. அந்தச் சத்தத்தைக் கண்ணாயி வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள்.

பல்பு ஒரு தடவை கண் கூசுகிற மாதிரி எரிந்தது. மங்கியது. அணைந்தது.

“கரண்டு போச்சு” என்றார் சின்னுசாமி, ஏதோ தினமும் நடப்பதைப் போல.

கண்ணாயி ஒரு சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள். மரவள்ளிக் காட்டு வரப்பில் கால் நிற்கவில்லை. வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். சாக்கு எங்கே போயிற்றோ தெரியாது. “சாமீ, சாமீ” என்று மட்டும் வாய் முனகிக்கொண்டே இருந்தது. மற்றபடி எந்த வேண்டுதலும் நினைவுக்கு வரவில்லை. அவள் கண்ணுக்குள் நின்றதெல்லாம் பாறையடியில் முழங்கால் மட்டத்தில் வைத்த அவளுடைய கைதான். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

தடம் திரும்புகிற இடத்தில் ஆட்டுப்பட்டியை ஒட்டி ஒரு வீடு. அதன் இறவாரத்தில் காளியண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணில் படாமல் தாண்டிவிட நினைத்தாள். முடியவில்லை.

“எங்க கண்ணு ஓடறே?”

“புள்ள கீழ இருக்குதுங்க மாமா” என்றாள்.

அவர் ஆட்டுக்கயிற்றை உருவி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே இறங்கினார்.

நாவல் மரத்தடிக்கு வந்து கண்ணாயி பார்த்தாள். ஓடையைக் காணோம். ஓடை இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஏதோ ஒன்று மரங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. கோடு போட்ட பாறை இருந்த இடமே தெரியவில்லை. கரண்ட் ஊடு மட்டும் நடுவில் பிடிவாதமாக நின்றது. வாசப்படிக்கு இரண்டு கை கீழே தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே மஞ்சள் தாவணி அசைந்தது.

உயிரோடு இருக்கிறாள். அடுத்த நொடியே, இருந்தும் ஏன் வெளியே வராமல் இருக்கிறாள் என்ற கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கத்திக் கத்திக் கூப்பிட்டாள். யமுனா எட்டிப் பார்த்து, வாசப்படியைக் காட்டி, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

கண்ணாயி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கட்டடத்துக்குப் போகிற தடத்தில் ஒரு பள்ளம். அதில் தொடைவரை தண்ணீர், இழுத்தது. காளியண்ணன் கயிற்றின் ஒரு முனையை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையை மரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். கதவைப் பிடித்தபோது அவள் கைவிரல்கள் விறைத்துப்போயிருந்தன.

“நீ எதுக்கும்மா வந்தே?” யமுனா வால்வுச் சக்கரத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். “இன்னும் ரெண்டு சுத்து. அதுக்கப்புறம் மேல இருக்கற கரண்டுப் பெட்டியக் கழட்டணும்.”

“உட்டுட்டு வாடி!”

“தண்ணி வாசப்படியத் தொட்டாத்தான் போகணும்னு மேடம் சொல்லியிருக்காங்க. இன்னும் தொடல. எதுக்குப் பயந்து சாகறே?”

“மேடத்துக்கு என்னடி தெரியும்!” என்று கண்ணாயி கத்தினாள். கத்தின பிறகுதான் அந்தப் பேச்சின் அநியாயம் அவளுக்கே உறைத்தது. மேடத்துக்கு என்ன தெரியும்? இவள் சொன்னது தெரியும். அவ்வளவுதான்.

மகளின் பின்னலைப் பிடித்து இழுத்தாள். யமுனா பத்து வயதுக்கு மேல் அம்மாவிடம் அடிபட்டதில்லை. அதிர்ச்சியில் வால்வை விட்டுவிட்டாள். இரண்டு பேரும் பள்ளத்தில் இறங்கினபோது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. யமுனாவின் கால் ஒருமுறை தரையை விட்டுவிட்டது. கண்ணாயி அவள் கையைப் பிடித்த பிடியில் நகம் சதைக்குள் இறங்கியது. மேலே காளியண்ணன் கயிற்றை இழுத்துக்கொண்டே, “நிக்காதீங்க! மரத்துக்கு மேல ஏறுங்க, இன்னும் மேல!” என்று கூவினார். அந்த மனிதர் அவ்வளவு சத்தமாகப் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை.

காப்பிச் செடிகளைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் மேட்டில் தவழ்ந்தார்கள். மேலே எங்கோ அடைத்திருந்த மரமும் மண்ணும் உடைத்துக்கொண்டது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது நாவல் மரத்தின் வேரைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. கரண்ட் ஊட்டின் கூரைத் தகடு மட்டும் சுழன்று சுழன்று போயிற்று. யமுனா வாயில் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். பல் கிட்டித்துக்கொண்டது. கண்ணாயி மகளின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்ப்பதை நிறுத்தினால் பிள்ளை போய்விடுவாள் என்பது போல.

மழை நின்று, சரிந்த மண்ணை ரோட்டிலிருந்து அள்ள ஆரம்பித்தபோது வித்யாஸ்ரீ வந்தாள். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பாதித் தூரம் லாரியிலும் மீதித் தூரம் நடந்தும் வந்திருந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. முதல் வேலையாக யமுனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு ஊராரோடு நாவல் மரத்தடிக்கு இறங்கினாள்.

கட்டடம் இருந்த இடத்தில் வெறும் உருண்டைக் கற்கள்.

“தப்பு என்னோடது. ரிப்போர்ட்ல அப்படியே எழுதிடறேன்” என்றாள். “நீங்க சொன்ன அளவுக்கு மேல நான் இன்னும் அதிகமா விட்டிருக்கணும். இப்போ தண்ணி மரத்தோட வேர் வரைக்கும் வந்திருக்கு. இதைவிட ஒரு ஆள் உயரம் மேல கட்டினாப் போதும். குழாயில பாதி மேல நிக்குது, அது வீணாகாது. யமுனா, நீதானே மறுபடியும் பார்த்துக்குவே?”

“பாத்துக்கறேன் மேடம்” என்றாள் யமுனா. குரல் இன்னும் தெளியவில்லை. ஆனாலும் சொன்னாள்.

ஓர் ஆள் உயரம். கண்ணாயி மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். காளியண்ணனின் சாளை போன அந்த வருடம் தண்ணீர் நின்ற மட்டம் அதற்கும் மேலே. மறுபடியும் அதே பிள்ளை, அதே தண்ணீருக்குக் கீழே.

சின்னுசாமி அவள் காதருகே வந்தார். மலையில் மாட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஊர்க்கதை முழுவதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. “உடுங்க, தலைவரம்மா. அவங்களே தப்பு தங்களோடதுன்னு ஒத்துக்கறாங்க. நாம பொய் சொன்னோம்னு வெளிய தெரிஞ்சா எவனுங்க மறுபடி கட்டிக் குடுப்பான்?”

இதற்குள் வார்டு உறுப்பினர் அர்த்தனாரி ஒரு தேங்காயும் கற்பூரமும் கொண்டுவந்துவிட்டார். எங்கிருந்துதான் எடுத்தாரோ. நம் ஆட்கள் சோற்றுக்கு இல்லாவிட்டாலும் தேங்காய்க்கு ஏற்பாடு செய்துவிடுவார்கள். “எல்லாம் நல்லபடியாத் தொடங்குவோமுங்க” என்று தேங்காயை ஓங்கினார்.

“தேங்காயக் கீழ வையிங்க” என்றாள் கண்ணாயி.

அர்த்தனாரி ஓங்கின கையோடு நின்றார். எல்லார் முகமும் திரும்பியது. வெள்ளத்தில் இறங்கினபோது இருந்த தைரியம் எங்கே போயிற்று என்று கண்ணாயிக்குத் தெரியவில்லை. காளியண்ணனைப் பார்க்காமல், வித்யாஸ்ரீயைப் பார்த்து, ஒரே மூச்சில் கொட்டினாள்.

“உங்க கணக்குத் தப்பு இல்லீங்கம்மா. நான் சொன்னது பொய்யி. தண்ணி இந்த மரத்துல பாதிக்கு வந்திருக்குது. நான் கண்ணால பாத்தேன். நல்ல காரியத்துல சொல்ல வேண்டாம்னு மறைச்சேன். மாமாவுக்கு மனசு நோவும்னும் மறைச்சேன். எங்க எல்லாத்துக்கும் தெரியுமுங்க.”

இப்போது காளியண்ணன் உட்கார்ந்துவிடுவார், அல்லது எழுந்து போய்விடுவார், அல்லது தன்னைச் சபிப்பார் என்று கண்ணாயி காத்துக்கொண்டு நின்றாள்.

காளியண்ணன் மரத்தருகே போனார். கையை எட்டின மட்டும் உயர்த்திப் பட்டையில் வைத்தார். “இதுக்கு மேல ஒரு மொழம். அந்தக் கெளையத்தான் புடிச்சிருந்தா. என்ற பொண்டாட்டி. பேரு ராமாயி. புள்ளைக்கு இன்னும் பேரு வெக்கல” என்றார். கையை எடுக்கவில்லை. “பூசையன்னிக்குச் சொல்லலாம்னுதான் நின்னேன். நீங்க அல்லாரும் என்ற மூஞ்சியப் பாத்தீங்க. சொல்லாதேன்னு பாக்கறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அர்த்தனாரி தேங்காயைத் தரையில் வைத்தார். வித்யாஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் கோபித்திருக்கலாம், கோபிக்கவில்லை. “அந்த மட்டத்துக்கு மேலயே பாக்கலாம். வெளிச்சம் கொஞ்சம் கொறையும். எல்லா வீட்டுக்கும் பத்தாது” என்று மட்டும் சொன்னாள்.

“பத்தாட்டிப் போகுதுங்க” என்றார் அர்த்தனாரி.

கண்ணாயிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பயந்தது எதுவும் நடக்கவில்லை. அப்பாடா என்று மகளைத் தேடித் திரும்பினாள். யமுனா கொஞ்சம் தள்ளி, கற்களுக்கு நடுவில் நின்று, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளத்தில் அம்மாவின் நகம் பதிந்த கையை இன்னொரு கையால் பிடித்திருந்தாள்.

“அம்மா.”

“என்ன கண்ணு?”

“தெரிஞ்சேதான் என்னைய அங்க உக்கார வெச்சியா?”

கண்ணாயி சுற்றிலும் பார்த்தாள். யாரும் அவளுக்குப் பதிலாகப் பேச வரவில்லை. பொய் சொல்ல ஒரு சொல்கூட வாயில் இல்லை.

“ஆமா, கண்ணு” என்றாள்.